இந்தப் பெட்டி ஏன் கத்துது?

வீட்டில் கம்ப்யூட்டர் பீப் பீப் என்று கத்தினால் நாம் பதறிப்போகிறோம். சர்வீஸ் பெஞ்சில் அதே சத்தம் கேட்டால் முகம் மலர்கிறது! நம்ப முடியவில்லையா? சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில், கடைகளின் முகப்பைத் தாண்டி, பக்கவாட்டில் இருக்கும் குறுகலான மாடிப்படிகளில் ஒருமுறை ஏறிப் பாருங்கள். கீழே கேபிள் தோரணங்களும் "என்ன சார் வேணும்?" குரல்களும். மேலே வேறு உலகம். சால்டரிங் வாசனை, தலை சாய்ந்த மேசை விளக்குகள், வயிறு திறந்து கிடக்கும் வீட்டு கம்ப்யூட்டர்கள்.

அங்கே ஒரு மெக்கானிக் மதர்போர்டைக் கேபினெட்டிலிருந்து முழுசாக வெளியே எடுத்து, ஓர் அட்டைப் பெட்டியின்மேல் கிடத்துகிறார். ராம் எல்லாவற்றையும் உருவிவிடுகிறார். ஹார்டு டிஸ்க் கிடையாது, மானிட்டர் கிடையாது, கீபோர்டு கிடையாது. பவர் பட்டன்கூடக் கிடையாது! ஸ்க்ரூடிரைவரின் நுனியால் போர்டின் ஓரத்தில் இரண்டு பின்களை ஒரு கணம் தொடுகிறார். விருட்டென்று ஃபேன் சுழல்கிறது. ஒரு நொடி, இரண்டு நொடி... பீப்! பீப்! பீப்!

"உயிர் இருக்கு சார்" என்கிறார் சிரித்துக்கொண்டே.

எனக்கு அந்த இடத்திலேயே துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. யோசித்துப் பாருங்கள். "எனக்கு ராம் இல்லை" என்று போர்டு சொல்கிறது என்றால், சொல்வதற்கு அங்கே ப்ராசஸர் ஓடிக்கொண்டிருக்கிறது. கம்ப்யூட்டர் கண் விழித்ததும் ஓட வேண்டிய முதல் கட்டளைகளை பயாஸ் சிப்பிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறது. பவர் சப்ளை சரியான வோல்டேஜ் கொடுத்துக்கொண்டிருக்கிறது. மூன்று பெரிய சந்தேகங்கள் மூன்று பீப்பில் தீர்ந்துபோயின. மெக்கானிக்குகள் பயப்படுவது சத்தத்துக்கு அல்ல. ஃபேன் சுற்றுகிறது, ஆனால் சத்தமே இல்லை என்கிற போர்டுக்குத்தான்.

இந்த பீப் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் அதுவும் ஒரு கொண்டாட்டம். 1981 ஆகஸ்ட் 12 அன்று ஐபிஎம் தன் முதல் பர்சனல் கம்ப்யூட்டரை, 5150 என்ற மாடலை, வெளியிட்டது. அதற்குள் ஒரு சின்ன ஸ்பீக்கர். சுவிட்சைப் போட்டதும் எந்திரம் தன்னைத்தானே சோதித்துப் பார்க்கும். அந்தச் சோதனையின் ஆரம்பத்தில் திரைக்கு இன்னும் படம் வராது, டிஸ்ப்ளே கார்டை இனிமேல்தான் எழுப்ப வேண்டும். அப்போது ஏதாவது கோளாறு என்றால் எப்படிச் சொல்வது? சத்தம் ஒன்றுதான் வழி. ஒரு குட்டை பீப் அடித்தால் எல்லாம் நலம். ஒரு நீளமும் இரண்டு குட்டையும் வந்தால் டிஸ்ப்ளேயில் சிக்கல். அந்தச் சத்தத்தை உருவாக்கியது இன்டெல் 8253 என்ற டைமர் சிப். இதில் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. அந்த போர்டில் இருந்த கிரிஸ்டலின் வேகம் 14.31818 மெகாஹெர்ட்ஸ். அதை நான்கால் வகுத்தால் அமெரிக்கக் கலர் டிவிக்குத் தேவையான அலைவரிசை கிடைத்துவிடும், அதனால்தான் அந்த விநோதமான எண். பன்னிரண்டால் வகுத்தால் டைமருக்கான துடிப்பு. ஆக, நம் பீப் சத்தம் கலர் டிவியின் ஒன்றுவிட்ட தம்பி!

பிறகு பல கம்பெனிகள் பயாஸ் எழுத வந்தன. ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு பீப் பாஷை வைத்துக்கொண்டது. அவார்டு பயாஸ் ஐபிஎம்மின் ஒரு நீளம் இரண்டு குட்டையை டிஸ்ப்ளேக்கு அப்படியே வைத்துக்கொண்டது. ஏஎம்ஐ பயாஸில் மூன்று குட்டை பீப் என்றால் ராம், ஐந்து என்றால் ப்ராசஸர், எட்டு என்றால் டிஸ்ப்ளே மெமரி. ஃபீனிக்ஸ் பயாஸ் ஒன்று, மூன்று, ஒன்று, ஒன்று என்று தொகுப்பு தொகுப்பாக அடிக்கும். ஏஎம்ஐயின் முழுப்பெயர் அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ். 1985இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் சுப்ரமணியன் சங்கரும் பாட் சர்மாவும் தொடங்கிய நிறுவனம் அது. அதற்குச் சென்னையிலும் அலுவலகம் இருக்கிறது! உலகம் முழுக்க எத்தனையோ கம்ப்யூட்டர்கள் கண் விழிக்கும்போது முதலில் ஓடும் கட்டளைகளுக்கும் நம் ஊருக்கும் ஒரு சொந்தம். ரிச்சி ஸ்ட்ரீட் பெஞ்சில் உட்கார்ந்து இதை நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

சரி, அன்றைய நாயகிக்கு வருவோம். திருவல்லிக்கேணியிலிருந்து ஆட்டோவில் வந்திறங்கினார் ஓர் அக்கா. வீட்டிலிருந்தே கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்து கொடுப்பவர். பழைய புடவையில் சுற்றிய கேபினெட்டை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

"தம்பி, ஒரு வாரமா ரொம்ப ஸ்லோ. நடுவுல பீப் பீப்னு வேற அடிக்குது. வைகாசி முகூர்த்தமெல்லாம் வரிசையா நிக்குது, எப்படியாவது பாத்துக் குடு."

எந்த மெக்கானிக்கும் உடனே ஸ்க்ரூடிரைவரை எடுக்க மாட்டார் என்பதை அன்று கண்ணால் கண்டேன். முதலில் கேள்விகள். அடடா, என்ன கேள்விகள்!

"சத்தம் பொட்டிக்குள்ள இருந்து வருதா அக்கா, கீழ யூபிஎஸ்ல இருந்து வருதா?"

இது முதல் சல்லடை. கம்ப்யூட்டர் கத்துகிறது என்று தூக்கிக்கொண்டு வருபவர்களில் நிறையப் பேருக்கு உண்மையில் கத்துவது மேசைக்கடியில் இருக்கும் யூபிஎஸ்தானாம். வீட்டு யூபிஎஸ்ஸுக்குள் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் ஈய பேட்டரி ஒன்று இருக்கும். நம் ஊர் வெயிலில் இரண்டு மூன்று வருஷத்தில் அது களைத்துவிடும். அப்புறம் கரண்ட் ஒரு கண் சிமிட்டினாலும் பீப்தான். காதை அருகில் வைத்துக் கேட்டால் போதும், கேபினெட்டைக் கழற்றவே வேண்டாம்.

"கீபோர்டு மேல புக்கு, ஃபைலு ஏதாச்சும் வெப்பீங்களா?"

இது இரண்டாவது சல்லடை. இதைக் கேட்டபோது எனக்குக் காரணம் புரியவில்லை, அவர் சொன்னதும் வாயடைத்துப் போனேன். ஐபிஎம் காலத்திலிருந்தே அழுத்திய எழுத்துகள் ஒரு சின்ன வரிசையில் காத்திருக்கும். அந்த வரிசையில் 15 எழுத்துகள்தான் நிற்கலாம். ஒரு புத்தகத்தின் முனை ஏதாவது ஒரு கீயை அழுத்திக்கொண்டே இருந்தால் வரிசை நிரம்பி, இடமில்லை என்று பீப் அடிக்கும். இன்னும் வேடிக்கை விண்டோஸில் இருக்கிறது. வலது பக்க ஷிஃப்ட் கீயை 8 விநாடி அழுத்திப் பிடித்துப் பாருங்கள். பீப் சத்தத்தோடு ஃபில்டர் கீஸ் என்ற வசதி எட்டிப் பார்க்கும். கை நடுங்குபவர்கள் தவறாகத் தட்டும் எழுத்துகளை ஒதுக்குவதற்காக வைத்த அருமையான ஏற்பாடு அது. தெரியாமல் அதை ஆன் செய்துவிட்டால், கீயைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால்தான் எழுத்து விழும், ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சத்தம் வேறு. ஸ்லோவும் ஆச்சு, பீப்பும் ஆச்சு! பெட்டிக்குள் ஒரு குறையும் இல்லை. செட்டிங்ஸில் ஒரே ஒரு சுவிட்சை அணைத்தால் தீர்ந்தது.

அக்காவிடம் இரண்டும் இல்லை. அப்போதுதான் வந்தது அந்தக் கேள்வி.

"சிஸ்டம் போட்ட உடனே அடிக்குதா, வேலை செய்யச் செய்ய அடிக்குதா?"

"போட்டா நல்லாத்தான் இருக்கு தம்பி. பெரிய டிசைன் ஒண்ணத் திறந்து வேலை பாக்க ஆரம்பிச்சேன்னா, கொஞ்ச நேரத்துல பீப்பு. அப்புறம் இழுக்குது."

மெக்கானிக் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "ஹீட்டு!"

பெட்டி இன்னும் புடவைக்குள்ளேயே இருக்கிறது! ஆனால் தர்க்கம் தெளிவு. போட்டதுமே பீப் என்றால் அது சுயசோதனையில் தோற்ற கதை: ராம், டிஸ்ப்ளே கார்டு, போர்டு. அப்போது திரையில் எதுவும் வராது. நன்றாகத் திறந்து, வேலை ஏற ஏற பீப் அடித்து, பிறகு இழுத்தால் ஏதோ ஒன்று மெல்ல மெல்லச் சூடாகிக்கொண்டிருக்கிறது. பீப் இல்லாமல் வெறும் ஸ்லோ என்றால் சந்தேகம் ஹார்டு டிஸ்கின் மேல் போகும். நிமிஷத்துக்கு 7,200 சுற்று சுற்றும் தட்டில், தேவையான இடம் தலைக்கு அடியில் வரவே சராசரியாக 4 மில்லி விநாடி ஆகும். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால் எஸ்எஸ்டி மாற்றச் சொல்லிவிடுவார்கள். ஹார்டு டிஸ்கே மெல்லிசாக பீப் போல முனகினால் மட்டும் உடனே அணைத்துவிட வேண்டும். உள்ளே மோட்டார் சுற்ற முடியாமல் திணறுகிறது என்று பொருள். அதைத் திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்கக் கூடாது, முதல் கவலை உள்ளேயிருக்கும் ஃபைல்கள்தான்.

இப்போது மெக்கானிக் பெட்டியை பெஞ்சில் ஏற்றி, மானிட்டர் மாட்டி, அக்காவின் டிசைன் ஒன்றையே திறந்தார். டாஸ்க் மேனேஜரில் ப்ராசஸரின் வேகம் 3.2 ஜிகாஹெர்ட்ஸ். நான்காம் தலைமுறை கோர் ஐ5. படங்களை ஒவ்வொன்றாகத் திரையில் இழுத்தார். வெப்பநிலை காட்டும் மென்பொருளில் 70, 81, 90... எண்கள் ஏற ஏற எனக்கு இதயம் அடித்துக்கொண்டது. 90ஐத் தாண்டியதும் பீப்! பீப்! 100ஐத் தொட்டதும் மவுஸ் திக்கித் திணறியது, வேகத்தைப் பார்த்தோம்: 0.8 ஜிகாஹெர்ட்ஸ்!

கால் பங்கு! அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். எனக்கோ கைதட்டத் தோன்றியது. அந்த ப்ராசஸரின் சிலிக்கான் துண்டு 177 சதுர மில்லிமீட்டர்தான், நம் சுண்டு விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. அதற்குள் 140 கோடி டிரான்சிஸ்டர்கள். முழு வேகத்தில் 84 வாட் வெப்பத்தை வெளியே தள்ள வேண்டும். வெப்பம் வெளியேற வழியில்லை என்றால் கருகிப்போக வேண்டியதுதானே? அது கருகவில்லை. சிலிக்கானிலேயே பதித்த வெப்ப உணரிகள் 100 டிகிரி செல்சியஸை எட்டியதும், ப்ராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துத் தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்கிறது. அதிலும் அடங்காவிட்டால் கடைசியில் மொத்த மின்சாரத்தையும் துண்டிக்கச் சொல்லிவிடும். அக்காவை வாட்டிய அந்த ஸ்லோ, அத்தனை நாளும் அவருடைய ப்ராசஸரைக் காப்பாற்றி வந்திருக்கிறது!

ஒரு காலத்தில் எல்லா ப்ராசஸரும் இப்படி இல்லை. 2001இல் டாம்ஸ் ஹார்டுவேர் என்ற இணையதளம் எடுத்த வீடியோ ஒன்று அன்றைக்கு உலகப் பிரசித்தம். 'க்வேக் 3' விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ப்ராசஸர்களின் மேலிருந்து சூட்டை இழுக்கும் ஹீட் சிங்க் என்ற உலோக மடிப்பைப் பிடுங்கி எடுத்துவிட்டார்கள்! ஏஎம்டியின் ஆத்லான்கள் புகைந்து செத்தன. பென்டியம் 3 உறைந்து நின்று பிழைத்தது. பென்டியம் 4 மட்டும் ஆமை வேகத்துக்கு இறங்கி, விளையாட்டை நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே இருந்தது. ஹீட் சிங்க்கைத் திரும்ப வைத்ததும் பழைய வேகம். ஏஎம்டியும் அடுத்தடுத்த ப்ராசஸர்களில் வெப்பப் பாதுகாப்பைச் சேர்த்துக்கொண்டது. இன்று எந்த வீட்டு ப்ராசஸரிலும் இந்த ஏற்பாடு உண்டு.

அப்படியானால் பீப் அடித்தது யார்? அது மதர்போர்டு. ப்ராசஸர் குறிப்பிட்ட சூட்டைத் தாண்டினால் எச்சரிக்கச் சொல்லிப் பல போர்டுகளின் பயாஸில் ஓர் அமைப்பு இருக்கும். 60, 70, 80, 90 என்று டிகிரியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அக்காவின் போர்டில் 90 வைத்திருந்தது. ஃபேன் நின்றுபோனாலும் எச்சரிக்கும் வசதி உண்டு. ஃபேன் நின்றது போர்டுக்கு எப்படித் தெரியும்? இதைக் கேளுங்கள். ப்ராசஸர் ஃபேனிலிருந்து நான்கு ஒயர்கள் வருகின்றன. ஒன்று 12 வோல்ட், ஒன்று எர்த், ஒன்றில் போர்டு வேகத்தைக் கட்டளையிடும், மிச்சமுள்ள ஒயரில் ஃபேன் பதில் சொல்லும், ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு துடிப்புகள்! நாம் ஃபேஸ்புக் பார்த்துக்கொண்டிருக்கும்போது பெட்டிக்குள் இந்தப் பேச்சுவார்த்தை ஓயாமல் நடந்துகொண்டே இருக்கிறது.

இனி மூடியைத் திறக்கும் நேரம். ப்ளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்து, கேபினெட்டின் வெறும் இரும்பைக் கையால் தொட்டு உடம்பின் நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு, பக்கத் தகட்டை உருவினார். ஃபேன் சுத்தமாகவே இருந்தது! இறக்கைகளில் லேசான தூசி, அவ்வளவுதான். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"மேல பாத்து ஏமாறாதீங்க சார்" என்று ஃபேனைத் தனியாகக் கழற்றினார். அடேயப்பா! ஃபேனுக்கும் அதன்கீழ் இருக்கும் அலுமினிய மடிப்புகளுக்கும் நடுவில், வெளியிலிருந்து கண்ணுக்கே தெரியாத இடத்தில், சாம்பல் நிறத்தில் அடர்ந்த ஒரு வில்லை. தோசைக்கல்லில் திருப்பியால் நெம்புவதுபோல ஸ்க்ரூடிரைவர் நுனியை ஓரத்தில் விட்டு நெம்பினார், முழு வட்டமாக ஒரே தூசிக் கம்பளம் கையோடு வந்தது! நூல், முடி, ஊதுவத்திச் சாம்பல், காகிதத் துகள் எல்லாம் அதில் அடக்கம். ஃபேன் ஊதிய காற்றில் பெரும்பகுதி அலுமினியத்தைத் தொடவே இல்லை.

அதோடு முடியவில்லை. ஹீட் சிங்க்கைப் பிடித்திருக்கும் நான்கு பிளாஸ்டிக் பின்களில் ஒன்று தூக்கிக்கொண்டிருந்தது. 2004 வாக்கில் இன்டெல் கொண்டுவந்த இந்த அமுக்கு பின்கள் வசதியானவைதான், ஆனால் ஒன்று விட்டுக்கொடுத்தால் ஹீட் சிங்க் ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். அடியில் இருந்த தெர்மல் பேஸ்ட் காய்ந்து, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது.

இந்த பேஸ்ட் ஏன் இவ்வளவு முக்கியம்? கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் இரண்டு உலோகப் பரப்புகள் உண்மையில் மேடும் பள்ளமும்தான். அவற்றுக்கிடையில் நுண்ணிய இடைவெளிகளில் காற்று தங்கிவிடும். அலுமினியம் வெப்பத்தைக் கடத்துவதோடு ஒப்பிட்டால், அசையாத காற்று கடத்துவது ஏறக்குறைய 9,000 மடங்கு குறைவு! அந்தக் காற்றை விரட்டி இடத்தை நிரப்பத்தான் பேஸ்ட். அதனால்தான் அதை அப்பி வைக்கக் கூடாது. பட்டாணி அளவு நடுவில் வைத்து, ஹீட் சிங்க்கை நேராக இறக்கி அமுக்கினால் தானே பரவிக்கொள்ளும்.

ஸ்பிரிட் தொட்ட துணியால் பழைய பேஸ்ட்டைத் துடைத்ததும் ப்ராசஸரின் மூடி பளபளவென்று மின்னியது. அதன்மேல் பொறித்திருந்த எழுத்துகளை அக்கா குனிந்து வாசித்தார். இத்தனை வருஷம் சோறு போட்டதை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார்! அடுத்து ப்ளோயர். அதை வைக்கும்போது ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டார், காற்றின் வேகத்தில் கண்டபடி சுற்றினால் பேரிங் கெட்டுவிடும். ராமையும் உருவி, அதன் தங்கநிறப் பற்களைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் மெல்லத் தேய்த்தார். கெப்பாசிட்டர்களின் தலையை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தட்டையாக இருந்தால் நலம், மேடாக உப்பியிருந்தால் உள்ளே ஆயுள் முடிகிறது என்று அர்த்தம். 2000களின் முற்பாதியில் உலகெங்கும் லட்சக்கணக்கான போர்டுகளை இந்த உப்பல்தான் சாய்த்தது. அக்காவின் போர்டில் எல்லாத் தலையும் தட்டை. அப்பாடா!

புது பின்கள், புது பேஸ்ட். நான்கு மூலையிலும் கட்டைவிரலால் அமுக்கினார். டிக். டிக். டிக். டிக். ஆன்.

அதே டிசைன், அதே படங்கள். நான் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். 52, 60, 66... 68இல் நின்றது. வேகம் 3.2ஐ விட்டு இறங்கவே இல்லை. அக்கா மவுஸை வாங்கி, மணமக்கள் படத்தைப் பெரிதாக்கி, சுருக்கி, மயிலை இடப்பக்கம் நகர்த்தி, வலப்பக்கம் நகர்த்திப் பார்த்தார். "ஐயோ தம்பி, வாங்கின புதுசுல இப்படித்தான் ஓடுச்சு!"

68 என்பதே கொஞ்சம் அதிகம்தான், ஆனால் வெளியே மே மாதம். ஃபேன் ஊதுவது அறையின் காற்றைத்தான். அறையே 35 டிகிரி என்றால் ப்ராசஸரின் கணக்கு அங்கிருந்துதான் தொடங்கும். அதனால்தான் கோடையில் இந்தப் பெஞ்சுகள் நிரம்பி வழிகின்றன. வீட்டில் பெட்டி எங்கே இருக்கிறது என்று விசாரித்தபோது, தரையில், மேசையின் மூடிய அறைக்குள், பின்பக்கம் சுவரை ஒட்டி என்றார் அக்கா. தூசி அதிகம் புழங்கும் உயரம், காற்று திரும்பும் வழி அடைப்பு, இரண்டும் சேர்ந்திருக்கிறது. மேசைமேல் ஏற்றி, பின்னால் ஒரு சாண் இடம் விடச் சொன்னார் மெக்கானிக். ஆறு மாசத்துக்கு ஒருமுறை பக்கத் தகட்டைத் திறந்து பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டினாலே பாதி வேலை முடிந்ததாம்.

கிளம்பும்போது அக்கா தயங்கினார். "அந்தச் சத்தத்த மட்டும் நிறுத்திடேன் தம்பி. ராத்திரில அடிச்சா பயமா இருக்கு."

பயாஸில் அதை நிறுத்த ஒரு வரி இருக்கிறது. மெக்கானிக் கம்ப்யூட்டரைத் திரும்ப ஆன் செய்து, டெலீட் கீயைத் தட்டி உள்ளே போனார். "நிறுத்த வேணாம் அக்கா. அது சொல்லலைன்னா நீங்க வைகாசி முழுக்க ஸ்லோவுலயே ஓட்டியிருப்பீங்க. இன்னும் கொஞ்சம் முன்னாடியே சொல்லட்டும்." 90 என்று இருந்ததை 80 ஆக்கி, எஃப்10 அழுத்திச் சேமித்து, புடவையில் சுற்றிக் கொடுத்தார்.